நெற்றியைக் கழுவிவிட்டு உள்ளே வரவும்

லேபுக்குள் கோதையாகவும் வீட்டுக்குள் அண்ணியாகவும் இருந்தவளே,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. அம்மா திவசத்துக்கு நாள் பார்த்துவிட்டாள். உனக்குப் பிடித்த மொச்சைக்கொட்டைக் குழம்பைப் படையலில் வைக்கலாமா கூடாதா என்று அவளுக்கும் பெரியம்மாவுக்கும் இப்போதே வாக்குவாதம். நீ இருந்தால் இரண்டு பேரையும் இன்னும் கொஞ்சம் கிளப்பிவிட்டு அடுப்படியில் நின்று சிரித்துக்கொண்டிருப்பாய். பாவி, எதற்கு இவ்வளவு அவசரமாகப் போனாய்?

சரி, சண்டை போட வரவில்லை. ஒரு சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். போன வாரம் நம்முடைய மெஷின் இந்த ஊரை விட்டே போயிருக்க வேண்டியது. அது எப்படிப் பிழைத்தது என்று உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே சொல்வேன், பொறுத்துக்கொள். பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்கும் புரிய வேண்டுமே.

நம் கல்லூரி லேப் கதவில் நீ ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது. "நெற்றியைக் கழுவிவிட்டு உள்ளே வரவும்." ஓரமெல்லாம் மஞ்சளாகி டேப் சுருண்டுவிட்டது. புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு ஒரு தடவை என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். மற்ற ஊர்களில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், தலைக்குத் தொப்பி போடச் சொல்வார்கள். நெற்றியைக் கழுவச் சொல்கிற லேசர் லேப் காஞ்சிபுரத்தில்தான் இருக்கும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில், குளித்ததும் திருநீறு பூசாமல் ஒருத்தரும் வாசல் தாண்டுவதில்லை. அந்த நெற்றியோடு மேஜை மேல் குனிந்தால் பொலபொலவென்று உதிரும். லேசர் பட்டதும் அந்தத் தூள் கருகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்தக் கண்ணாடி அவ்வளவுதான்.

அந்த விதிக்கு முதல் காரணம் திருநீறுகூட இல்லை, என் ஸ்டிக்கர் பொட்டு. நான் குனிந்தபோது கழன்று, மூவாயிரம் மைல் கப்பலில் வந்த கண்ணாடியின் நட்ட நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. நீ குனிந்து அதைப் பார்த்தாய். "உன்னவிட அதுக்குத்தான்டி எடுப்பா இருக்குது" என்றாய். அன்று சாயங்காலமே தாள் கதவுக்கு வந்துவிட்டது.

விதி போட்டவள் நீ என்பதால் நீயே முதலில் கடைப்பிடித்தாய். காலையில் வெளிக்குழாயில் நெற்றியைக் கழுவுவாய். சாயங்காலம் கைப்பையிலிருந்து அந்தச் சின்னப் பித்தளை டப்பாவை எடுத்து, ஒரு கீற்று திருநீறு பூசி, பொட்டும் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவாய். ஒரே ஒரு நாள் மறந்துவிட்டாய். அன்று பார்த்து அம்மா பஸ் ஸ்டாண்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தாள். "நெத்தியில ஒண்ணும் இல்லாம தெருவுல நடந்து வரியே, எம் புள்ள நல்லா இருக்கறது உனக்குப் புடிக்கலியா?" என்று ஊர் கேட்கக் கத்தினாளே. நீ, "அத்தை, உங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது, மொதல்ல கீரைக்காரம்மாவுக்குக் காசு குடுங்க" என்றாய். கடைசியில் போனது யார், பார்த்தாயா?

கல்லூரியில் வாடி போடி என்று பேசியவள் நீ. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தேன், அவ்வளவுதான் நான் செய்த குற்றம். குமரேசன் அண்ணன் தறியை விட்டு எழுந்து வந்து உனக்கு இரண்டாவது தடவை ரசம் ஊற்றினான். நான் அவனோடு பிறந்து வளர்ந்தவள், எனக்கு ஒரு தடவைகூட ஊற்றியதில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

உனக்கும் அண்ணனுக்கும் கல்யாணம் ஆன புதிதில் அம்மா உன்னிடம் கேட்டாள், "அப்படி என்னதான் ரெண்டு பேரும் அந்த இருட்டு ரூமுல பண்றீங்க?" என்று. நீ வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்ன பதில் எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது.

"வாலாஜாபாத்துல கல்யாணம்னு வெச்சிக்கங்க அத்தை. நம்ம சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே நேரத்துல கெளம்பறாங்க. ஆனா ஒரு வண்டி வேகமாப் போவுது, ஒரு வண்டி மெதுவாப் போவுது. போய்ச் சேரும்போது ஆளுக்கு ஒரு நேரம். தாலி கட்டற நேரத்துக்குப் பாதிப் பேரு இல்ல. எங்க வெளிச்சமும் அதே மாதிரிதான். ஒரு சின்னத் துளி வெளிச்சம், அதுக்குள்ள நெறைய நெறம். ஒண்ணாக் கெளம்புது. நடுவுல கண்ணாடி வந்தா செவப்பு முன்னாடி ஓடிடுது, நீலம் பின்தங்கிடுது. துளி நீண்டு போயிடுது. எல்லாத்தையும் மறுபடி ஒண்ணா சேத்து வெக்கறதுதான் எங்க வேல."

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ முன்னாடி போற வண்டிய எங்கனா நிறுத்தி வெக்கணும். அதுக்குத்தான் ரெண்டு பேரும் இவ்ளோ வருஷம் படிச்சீங்களா?" என்றாள். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பில் உரித்த வெங்காயமெல்லாம் தரையில் உருண்டது.

ஆனால் அதேதான், இல்லையா? முன்னால் போவதை நிறுத்தி வைப்பதற்குத்தான் அந்தக் கல். விரல் நீளத்துக்கு ஒரு படிகம், அதற்குள் வெளிச்சம் போக இரண்டு பாதை, ஒன்று வேகமானது, ஒன்று மெதுவானது. ஒரு பக்கத்திலிருந்து காதுக்குக் கேட்காத ஒலியை அதற்குள் அனுப்புவோம். எந்த நிறம் எந்த இடத்தில் வேகப் பாதையிலிருந்து மெதுவான பாதைக்கு மாற வேண்டும் என்பதை அந்த ஒலிதான் சொல்லும். முந்தி ஓடி வந்த சிவப்பு உள்ளே நுழைந்ததுமே மாறிவிடும். பின்தங்கிய நீலம் கடைசி வரை வேகப் பாதையிலேயே ஓடி வரும். வெளியே வரும்போது எல்லாம் ஒன்றுசேர்ந்து, துளி மறுபடி குட்டியாகிவிடும். அடுத்த பல்ஸுக்கு, அதாவது அடுத்த ஒளித்துளிக்கு, இன்னோர் ஒலி வேண்டுமா, கம்ப்யூட்டரில் எழுதி அனுப்பினால் போதும். கோயில் மேளம் அடித்தால் உன் கல்லு கெட்டுப்போகாதா என்று அம்மா கேட்டதும், "நம்ம மேளமெல்லாம் அதுக்கு எட்டாது அத்தை, அது வேற கச்சேரி" என்று நீ சொன்னதும் இந்தக் கல்லைப் பற்றித்தான்.

இது எதற்காக என்று மறந்து போகிறவர்கள் உண்டு. நீ மறந்ததே இல்லை. ஆஸ்பத்திரி மைக்ராஸ்கோப்பில் இருக்கிற தடித்த லென்ஸ்கள் பல்ஸை நீட்டிவிடும். நீண்ட பல்ஸுக்கு வலு இல்லை, படம் மங்கும். நம் கல்லால் முன்கூட்டியே சரிசெய்து அனுப்பினால், பல்ஸ் சதைத் துணுக்கில் போய் விழும் இடத்தில் குட்டியாக இருக்கும். சாயம் ஏற்றாமல், சதையைச் சுடாமல், உயிரணுக்கள் தாமாகவே ஒளிர்ந்து தெரியும். கட்டி கெட்டதா நல்லதா என்று தெரிய ஒரு குடும்பம் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்பாய். நம் ஊர் ஆஸ்பத்திரிக்கே முதலில் செய்து கொடுப்பது என்று பிடிவாதமாக இருந்தாய்.

அதற்குள்தான் அந்தக் காய்ச்சல் வந்தது. கஷாயம் குடித்தால் சரியாகிவிடும் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

நீ போன பிறகு கல்லூரி நிர்வாகம் கொஞ்ச நாள் மரியாதைக்காகப் பேசாமல் இருந்தது. அப்புறம் முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். மனுஷர் நல்லவர்தான், நேராகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் வந்து பார்க்கப் போகிறார். அவர் எதிரில் மெஷின் ஓடி, அவருக்கு உபயோகப்படும் என்று தோன்றினால் இங்கேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் வேறு ஊர்க் கல்லூரி ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறது, கல்லைக் கழற்றிப் பெட்டியில் போட்டு அங்கே அனுப்பிவிடலாம். "அம்மா, கோதை மேடம் இருந்தா நான் இதச் சொல்லவே மாட்டேன்" என்றார். அது எனக்குத் தெரியாதா?

டாக்டர் வருவதற்கு முந்தின நாள். நானும் நம் லேப் டெக்னீஷியன் பாஷா பாயும் காலையிலிருந்து வேலை. பாய் இப்போதும் வாலாஜாபாத்திலிருந்துதான் பஸ்ஸில் வருகிறார். ஒலியை உண்டாக்கும் ஆம்ப்ளிபையரை அவரைத் தவிர ஒருத்தரும் தொட முடியாது, தொட்டால் கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார். கல்லின் மூடியைக் கழற்றி வைத்து, கடைசித் திருத்தங்கள் செய்துகொண்டிருந்தோம். பல்ஸ் அழகாகச் சுருங்கியிருந்தது. நான் முதல்வரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

திரும்பி வந்தால் ஸ்கிரீனில் பல்ஸ் சிதறிக் கிடக்கிறது. மேஜைப் பக்கத்தில் குமரேசன் அண்ணன் நிற்கிறான். நெற்றி நிறையப் பட்டை, கையில் கோயில் பிரசாதத் தட்டு.

நடந்தது இதுதான். நீ போன பிறகு லேப் பக்கமே எட்டிப் பார்க்காதவன், நாளைக்கு டாக்டர் வருகிறார் என்று அம்மா சொல்லக் கேட்டு, ஏகாம்பரநாதர் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு நேராக வந்திருக்கிறான். "அவ எதத் தொட்டு அதிகமா வேல செய்வா பாய்?" என்று கேட்டிருக்கிறான். பாய் வெளிச்சத்தை அடைத்துவிட்டுக் கல்லைக் காட்டியிருக்கிறார். அண்ணன் கண்ணை மூடி, குனிந்து, அந்தக் கல்லின் தலையில் ஒரு சிட்டிகை திருநீறு வைத்திருக்கிறான். நெற்றியிலிருந்து உதிர்ந்தது வேறு. பாய் அதைக் கவனிக்காமல் லேசரைத் திறந்துவிட்டார். கல்லின் முகத்தில் ஒரு கரும்புள்ளி விழுந்துவிட்டது, கோதை.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. "யாரைக் கேட்டு உள்ள வந்தே? கதவுல எழுதியிருக்கறது கண்ணுக்குத் தெரியல?" என்று கத்தினேன்.

அண்ணனுக்குக் கோபம் வந்து நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். "யாரைக் கேக்கணும்? எம் பொண்டாட்டி எடம் இது. சாமி பிரசாதம் வெச்சது குத்தமா?"

"உன் பிரசாதத்தாலதான் அவ கல்லு கருகிப் போச்சு, வந்து பாரு!"

அவன் வந்து பார்க்கவில்லை. தட்டைத் துண்டால் மூடிக்கொண்டு கிளம்பிவிட்டான். கதவுகூடச் சத்தமாகச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பாய்தான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நான்தான் மேடம் உள்ள விட்டேன். அவரு மூஞ்சியப் பாத்துட்டு முடியாதுன்னு சொல்ல வாய் வரல. அதுவும் நான் போயி அவர விபூதியக் கழுவிட்டு வாங்கன்னு எப்படி மேடம் சொல்றது?" சொல்ல முடியாதுதான். உன்னால் மட்டும்தான் முடியும். நீ யாரிடம் சொன்னாலும் அவர்கள் சிரித்துக்கொண்டே குழாயடிக்குப் போனார்கள்.

அழுதால் பல்ஸ் சுருங்காது. கல்லை ஒரு மயிரிழை பக்கவாட்டில் நகர்த்தி, புள்ளி இல்லாத இடத்தில் வெளிச்சம் போகிற மாதிரி வைத்தோம். அதுவரைக்கும் சரி. ஆனால் இடம் மாறியதும் உன் பழைய அமைப்பு எதுவும் பொருந்தவில்லை. முதலிலிருந்து தேட வேண்டும். அங்கேதான் அந்தப் பழைய தலைவலி. பல்ஸை அளந்து காட்டும் படத்துக்கு இடமும் வலமும் ஒரே மாதிரி. பல்ஸ் நீண்டிருக்கிறது என்று சொல்லும். சிவப்பு முந்தியா, நீலம் முந்தியா என்று சொல்லாது. தப்பான பக்கம் திருத்தினால் இன்னும் நீளும்.

அதற்கு நீ வைத்திருந்த வைத்தியம் உன் கண்ணாடிக் கட்டி. ப்ளஸ் டூ பிராக்டிகலில் தாளில் வைத்து, குண்டூசி குத்தி, கோடு போடுவோமே, அதே கட்டி. ஸ்கூலிலிருந்து எப்படிக் கிளப்பிக்கொண்டு வந்தாய் என்று கடைசி வரை சொல்லவில்லை. ஒரு மூலை உடைந்திருக்கும். கண்ணாடி எப்போதும் சிவப்பைத்தான் முன்னால் தள்ளும். அந்தக் கட்டியை வழியில் வைத்ததும் பல்ஸ் இன்னும் நீண்டால், சிவப்பு ஏற்கெனவே முந்தியிருக்கிறது. குறுகினால், நீலம் முந்தியிருக்கிறது. அந்தக் கட்டி எவ்வளவு நீட்டும் என்று அளந்து புரோகிராமுக்குள்ளேயே எழுதியும் வைத்துவிட்டாய். உன் சாமான்களோடு அதுவும் வீட்டுக்குப் போய்விட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஓரிக்கைக்கு, என் வீட்டுக்குப் போகாமல் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நேராகப் பிள்ளையார்பாளையம், அம்மா வீட்டுக்குப் போனேன். அண்ணன் உன் படத்துக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தான். படத்துக்குக் கீழே, மரப்பலகையில், ஒரு சாமந்திப் பூவோடு உன் கண்ணாடிக் கட்டி. தினமும் துடைக்கிறான் போலிருக்கிறது, அப்படிப் பளபளத்தது.

"அண்ணா, அது வேணும்" என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது இதுதான்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "உங்க லேபுல வேற கண்ணாடி கெடையாதா?"

"இருக்குது. அத முதல்லேர்ந்து அளக்கணும். நேரம் இல்ல."

"அவ பொடவைய எல்லாம் அம்மா யார் யாருக்கோ குடுத்துட்டாங்க. செருப்பக்கூட விட்டு வெக்கல. தெனமும் அவ கையில இருந்ததுன்னு எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதாம்மா. இதையும் கருக்கிட்டு வந்தின்னா?"

அவன் கேட்டது நியாயம். கருகாது என்று சொன்னேன், என் குரலே எனக்கு நம்பும்படியாக இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து, "காலையில அவ்ளோ கத்திட்டு இப்ப வந்து கேட்டா யார்தான் குடுப்பா? சாப்டுட்டுப் போ" என்றாள். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? வேறு கட்டியை அளந்துகொள்ள முடியாது என்பதில்லை. கொஞ்சம் திண்டாடினால் முடியும். எனக்கு உன் கட்டிதான் வேண்டியிருந்தது. நீ விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன் என்று தைரியமாக இருக்கும். அண்ணனும் நானும் அந்தச் சாயங்காலம் ஒரே பொருளைப் பிடித்து ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் காரணம் ஒன்றுதான்.

மறுநாள் காலையில் வேறு ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு நானும் பாயும் தடவிக்கொண்டிருந்தோம். பல்ஸ் பாதிதான் சுருங்கியது. மைக்ராஸ்கோப்பில் போட்ட சதைத் துணுக்கு, பனிமூட்டத்தில் ஆள் நிற்கிற மாதிரித் தெரிந்தது. அந்தப் படத்தைக் காட்டினால் டாக்டர் டீ குடித்துவிட்டு, நல்லா இருக்குது என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போவார். மத்தியானம் கல்லைப் பெட்டியில் போட ஆள் வரும். பாய் ஆம்ப்ளிபையரையே துடைத்துக்கொண்டிருந்தார்.

கதவைத் தட்டும் சத்தம். தட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள், உள்ளே வரவில்லை. பாய் போய்த் திறந்தார்.

அண்ணன் நின்றுகொண்டிருந்தான். முகமெல்லாம் தண்ணீர் சொட்டுகிறது. நெற்றியில் ஒன்றும் இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த நெற்றியை நான் வெறுமையாகப் பார்த்ததில்லை, கோதை. உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றுகூடப் பட்டை இருந்தது. ஒரு நொடி வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். கையில், துண்டில் சுற்றி, உன் கட்டி.

"கழுவிட்டேன்" என்றான். "இப்ப உள்ள வரலாமா?"

நான் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தேன். பாய்தான், "வாங்க தம்பி, வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

"அவ சொல்லியிருக்கா" என்றான் அண்ணன், என்னைப் பார்க்காமல். "தெனமும் இந்தக் கொழாயிலதான் கழுவிட்டு உள்ள போவேன்னு. சாமி கோவிச்சிக்காதான்னு கேட்டேன். நான் உள்ள பாத்துக்கினு இருக்கறதும் அவரு போட்ட வெளிச்சந்தானேன்னா. நேத்து எனக்கு அது ஞாபகம் வரல பாரு."

நான் அவனுக்குக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். கட்டியை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினேன், அவனே வைத்தான். உடைந்த மூலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று கேட்டான். அது எப்படி இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் நீ எப்போதும் உன் பக்கம் வைப்பாய், அப்படியே வைக்கச் சொன்னேன்.

ஸ்கிரீனில் பல்ஸ் நீண்டது. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "கெட்டுப் போச்சா?" என்று பதறினான்.

"இல்லண்ணா. செவப்பு முந்திப் போவுதுன்னு சொல்லுது. அது தெரிஞ்சா போதும்."

அதற்கு மேல் நீ எழுதி வைத்ததே வேலை செய்தது. கட்டியை எடுத்துவிட்டு, எவ்வளவு நிறுத்தி வைக்க வேண்டும் என்று உன் புரோகிராம் கணக்குப் போட்டது. பாய் ஒலியைக் கூட்டினார். பல்ஸ் ஒரு தடவை உள்வாங்கியது. இன்னொரு தடவை. அப்புறம் நீ இருந்த நாட்களில் நின்ற மாதிரி, நடுவில் ஒரே ஒரு முனையாக நின்றது. பாய் "யா அல்லா" என்று நாற்காலியில் சாய்ந்தார். அண்ணன் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு, "இதத்தான் தெனமும் பாத்துக்கினு இருப்பாளா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "வீட்டுக்கு வந்தா மூஞ்சி ஏன் அப்படி இருக்கும்னு இப்பத்தான் தெரியுது" என்றான்.

டாக்டர் வந்தார். நம் வயசுதான் இருக்கும், கறாரான பெண்மணி. தானே கொண்டு வந்த துணுக்கைத் தானே வைத்தார். முதலில் கல்லுக்கு ஒலி அனுப்பாமல், நீண்ட பல்ஸோடு காட்டினேன். மங்கலாக இருந்தது. பிறகு ஒலியை அனுப்பினேன். லேசரை ஒரு துளிகூடக் கூட்டவில்லை, உயிரணுக்கள் ஒவ்வொன்றாக விளிம்பு தெளிந்து எழுந்து வந்தன. அந்த அம்மா கண்ணை எடுக்கவேயில்லை. கடைசியில் முதல்வரைப் பார்த்து, "இத ஏன் சார் வேற ஊருக்கு அனுப்பணும்? எங்க ஆஸ்பத்திரி பக்கத்துலதானே இருக்குது" என்றார். முதல்வர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன், இல்லாவிட்டால் அங்கேயே அழுதிருப்பேன்.

மெஷின் இங்கேதான் இருக்கப் போகிறது. இன்னும் எத்தனையோ சோதனை பாக்கி, கையெழுத்து பாக்கி, அதெல்லாம் உனக்குத் தெரியும். கல்லின் முகத்தில் அந்தக் கரும்புள்ளியும் இருக்கும். பாலிஷ் செய்து எடுத்துவிடலாம் என்று பாய் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். அது வெளிச்சத்தின் வழியில் இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாரும் போன பிறகு கட்டியைத் துண்டில் சுற்றி அண்ணனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. "இங்கயே இருக்கட்டும்மா. அங்க சும்மா பூ வெச்சிக்கினு உக்காந்திருக்குது. திவசத்தன்னிக்கு மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கினு வா" என்றான். முந்தின நாள் கத்தினதுக்கு மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்தேன். "நீ கத்தாம யாரு கத்துவா, விடு" என்றான்.

வெளியே வந்தோம். குழாயடியில் நின்று இடுப்பைத் தடவினான், சட்டைப் பையைத் தடவினான். திருநீற்றுப் பொட்டலத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். அப்படியே வெறும் நெற்றியோடு தெருவில் இறங்கத் தயங்கிக்கொண்டு நின்றான். அம்மா எங்காவது கீரை வாங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும், சிரித்துவிட்டோம். நீ போன பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

இரு என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உன் மேஜை டிராயரைத் திறந்தேன். உன் பித்தளை டப்பா அங்கேயே இருந்தது. காய்ச்சலோடு அவசரமாகக் கிளம்பின அன்று நீ விட்டுப் போனது. இத்தனை நாளும் நான் அதைத் திறக்கவில்லை, திறக்கத் தைரியம் இல்லை. வெளியே கொண்டுவந்து திறந்தால், ஒரு ஓரத்தில் உன் விரல் எடுத்த பள்ளம் அப்படியே இருந்தது.

அண்ணன் டப்பாவை வெளிச்சத்துக்குத் திருப்பி அந்தப் பள்ளத்தைப் பார்த்தான். பிறகு அதே இடத்தில் விரலை வைத்து எடுத்தான். தன் நெற்றியில் பூசிக்கொண்டான். மீதியை, சின்ன வயதில் பரீட்சைக்குப் போகும்போது செய்வானே, அப்படியே என் நெற்றியிலும் இழுத்துவிட்டான். கொஞ்சம் உதிர்ந்து என் மூக்கில் விழுந்தது.

உள்ளே லேசரை அணைக்க வேண்டியிருந்தது. போனால் கழுவ வேண்டும். நீ போட்ட விதி. அதனால் பாயைக் கூப்பிட்டு அணைக்கச் சொல்லிவிட்டு, அன்று நான் உள்ளே போகவில்லை.

இப்போது அந்த டப்பா குழாய்க்கு மேலே, ஒரு சின்னப் பலகையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அண்ணன் கோயிலிலிருந்து வந்து நிரப்பிவிட்டுப் போகிறான். போகும்போது உள்ளே எட்டிப் பார்த்து, "செவப்பு இன்னிக்கி ஒழுங்கா இருக்குதா?" என்று விசாரிக்கிறான். உன் தாளுக்குக் கீழே நான் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "போகும்போது பூசிக்கொண்டு போகவும்." கையெழுத்து உன்னுடையதைப் போல அழகாக இல்லை, திட்டாதே.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த டப்பா காலியாக இருக்க விடமாட்டேன். நம் லேபுக்குள் நெற்றியைக் கழுவிவிட்டு வருகிற ஒருத்தரும், உன் புருஷன் உட்பட, வெறும் நெற்றியோடு வீடு திரும்ப மாட்டார்கள்.

மொச்சைக்கொட்டைக் குழம்பு வைக்கத்தான் போகிறோம். அம்மா ஜெயித்துவிட்டாள்.

உன் வீட்டில் பிறந்து உன்னோடு வாடி போடி பேசிய,
உன் ஒரே நாத்தனார்,
செல்வி